ஏரிக்கு நடுவே அம்மா

போன ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இது. ஐரோப்பாவில் நடந்தது என்றும் சொல்லலாம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது என்றும் சொல்லலாம். காணாமல் போனவர்கள் அங்கே இருந்தார்கள். நான் இங்கே, மாடியில் இருக்கும் என் தையல் கடையில், கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

காணாமல் போனவர்கள் என் அம்மாவும் பெரியம்மாவும். அம்மா என்னோடு கிள்ளானில் இருக்கிறார். அவருடைய அக்காவான பெரியம்மா செலாயாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன், இருவரையும் ஒரு குழுவோடு ஐரோப்பா சுற்றிப் பார்க்க அனுப்ப ஏற்பாடு செய்தார். பெரியம்மா கேட்ட உடனே சரி என்றார். அம்மாதான் தயங்கினார். அம்மா தனியாக எங்கும் போய்ப் பழகாதவர். அப்பா இருந்தவரை அப்பா கூட்டிப் போனார், அதற்குப் பிறகு நான். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் என் கடை நடந்து வருகிற தூரம்தான். அதற்குக்கூட நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதனால் புறப்படுவதற்கு முன் அம்மாவுக்குப் போனில் மேப் பார்க்கப் பழக்கினேன். குரலையும் தமிழுக்கு மாற்றிவிட்டேன். கூத்து அங்கேதான் ஆரம்பித்தது. "வலதுபுறம் திரும்பவும்" என்று போன் சொன்னால், "சரிம்மா, திரும்பிட்டேன்" என்று அம்மா பதில் சொல்வார். வீட்டிலிருந்து கிள்ளான் லிட்டில் இந்தியா வரைக்கும் மேப் சொல்கிறபடி நடந்து பார்த்தோம். நடுவில் பூக்கடையில் அம்மா நின்றுவிட்டார். போன் விடாமல் "நேராகச் செல்லவும்" என்றது. "இரும்மா, பூ வாங்கிட்டு வரேன். இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சங்கூட பொறுமை இல்ல" என்றார் அம்மா. பூக்காரர் பூவை அளப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

புறப்படும் நாளில் இன்னொரு வேலையும் செய்தேன். அம்மாவின் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரியும்படி வைத்தேன். மேப்பைத் திறந்தால் அம்மாவின் முகம் போட்ட சின்ன வட்டம் ஒன்று நிற்கும். அம்மா நகர்ந்தால் வட்டமும் நகரும்.

முதல் சில நாட்கள் எனக்கே ஊர் சுற்றியது போல இருந்தது. துணி வெட்டுவதற்கு நடுவில் போனைத் திறப்பேன். வட்டம் பாரிஸில் ஆற்றோரமாகப் போகும். பிறகு ஒரு பெரிய சாலையில் வேகமாகக் கீழே இறங்கும். என்னோடு கடையில் பூவேலை செய்யும் அக்கா காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கி அம்மா எந்த ஊர்லமா?" என்பதுதான்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம். போனில் பதிவு செய்தால் வரும் ஈ-ஹெய்லிங் கார் ஓட்டும் அண்ணே ஒருவர், மனைவியின் ஜாக்கெட்டுகளை வாங்கிப் போக வந்து, ஹூக் வைத்து முடிப்பதற்காகக் காத்திருந்தார். அப்போதுதான், இன்னும் மத்தியானமாக இருந்த சுவிட்சர்லாந்திலிருந்து டூர் கைடு கூப்பிட்டார்.

"அக்கா, உங்க அம்மா உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா? காலையில எல்லாரையும் டவுன்ல விட்டுட்டு, மத்தியானம் ஸ்டேஷன் முன்னாடி வந்துடுங்கன்னு சொன்னேன். எல்லாரும் வந்தாச்சு. அவங்க ரெண்டு பேரையும் மட்டும் காணோம். போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாங்க."

அது லூசெர்ன் என்ற ஏரிக்கரை ஊர். அங்கிருந்து பஸ் இத்தாலிக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் பஸ் ஓட்டலாம் என்று அங்கே டிரைவர்களுக்குச் சட்டம் இருக்கிறதாம். அதிக நேரம் நிற்க முடியாது என்றார். அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள் பஸ்ஸின் அடியில் பெரிய பெட்டிக்குள் இருந்தன. அது எனக்குத் தெரியும், நான்தானே அடுக்கினேன்.

கைடை லைனிலேயே வைத்துக்கொண்டு மேப்பைத் திறந்தேன். அம்மாவின் வட்டம் ஏரிக்கு நடுவில் இருந்தது.

கரையோரத்தில் இல்லை, நட்ட நடுவில். சுற்றிலும் நீலம். வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பூவேலை அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு டிரைவர் அண்ணேயிடம் நீட்டினார்.

அவர் பார்த்த உடனே சொன்னார், "பயப்படாதீங்கலா. ஜிபிஎஸ் அப்படித்தான். கரையில நின்னாலும் தண்ணிக்குள்ள காட்டும். பத்துமலையில ஒரு தடவ என் கார மலைக்குள்ள காட்டிச்சு."

அந்த ஆறுதல் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. வட்டம் இன்னும் உள்ளே நகர்ந்தது. அண்ணே போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போனால்கூட முழங்கால் வரைதான் இறங்குவார். இதெல்லாம் எனக்கு ஏன் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

"நகருதுல்ல, நேரா நகருது பாரு. போட்டுல போறாங்கமா" என்றார் பூவேலை அக்கா. விரலால் மேப்பைப் பெரிதாக்கினார். உண்மைதான். நீலத்தின் மேல் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று ஓடியது. வட்டம் அந்தக் கோட்டின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. அது போட் போகும் பாதை. கைடிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ரயில், போட் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் போட்டில் ஏறினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

மூழ்கவில்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. ஆனால் எங்கே போகிறார்கள்? அம்மா போனை எடுக்கவில்லை. பெரியம்மாவின் போனில் வெளிநாட்டு சிம் கிடையாது. அனுப்பிய செய்திகள் படிக்காமலே கிடந்தன. இதற்குள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள், பாஜு குரோங் என்னும் மலாய் உடையைத் தைக்கக் கொடுத்திருந்த மலாய்க்கார அக்கா ஒருவர் எல்லோரும் வெட்டும் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். போன் நடுவில் இருந்தது. யாரும் தங்கள் துணியைப் பற்றிக் கேட்கவில்லை.

பூவேலை அக்காதான் வழி சொன்னார். "அந்தக் கோடு அடுத்தது எந்தக் கரைக்குப் போகுதுன்னு பாரு. அங்க ஏதாச்சும் கடை இருக்கும். கடைன்னா நம்பர் போட்டிருப்பாங்க."

அடுத்த நிறுத்தம் ஒரு சின்ன ஊர். பேரை இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இடத்தை அழுத்திக் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்தது ஒரு சின்ன தங்கும் விடுதி. ஒரு பெண் எடுத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மலேசியாவிலிருந்து பேசுகிறேன், என் அம்மாவும் பெரியம்மாவும் தெரியாமல் போட்டில் ஏறிவிட்டார்கள், அது உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது என்று.

அந்தப் பெண் ஒரு கேள்விதான் கேட்டார். அவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சேலை கட்டியிருப்பார்கள், அதற்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த ஆரஞ்சு நிற மேல்சட்டை, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, குளிருக்கு நான் தைத்துக் கொடுத்தது என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்த ஊரில் அப்படி வேறு யாரும் இருக்க முடியாது என்றார். அம்மாவின் பேரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டார், என் நம்பரையும் குறித்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் போட் வருவது தெரிகிறது, அவர்கள் இறங்காவிட்டால் தானே ஏறிப் போய்க் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, விடுதியை அப்படியே விட்டு ஓடினார். கதவு மணி சிணுங்குவது எனக்குக் கேட்டது, பிறகு லைன் நின்றது.

பிறகு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வட்டம் கரையை நோக்கி ஊர்ந்தது. டிரைவர் அண்ணே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். "வந்துட்டாங்க... வந்துட்டாங்க... கிட்ட வந்துட்டாங்க." வட்டம் கரையைத் தொட்டு நின்றது. போட் அங்கே அதிக நேரம் நிற்காது. எல்லோரும் மேசைமேல் குனிந்தோம். வட்டம் மெல்ல, மிக மெல்ல, நீலத்தை விட்டுப் பச்சைக்கு வந்தது.

கடையில் கைதட்டினார்கள். மலாய்க்கார அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் அம்மா.

"ஏம்மா, இங்க ஒரு வெள்ளக்காரப் பொண்ணு போட்டுக்குள்ள வந்து என் பேரச் சொல்லிக் கூப்பிடுது. என் பேரு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

 அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நீங்க எங்கம்மா போறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஸ்டேஷனுக்குத்தான். கைடு அங்கதானே வரச் சொன்னாரு? ஸ்டேஷன்னு போன்ல சொன்னேன். போனுக்குள்ள பேசற பொண்ணுதான் போட்ல ஏறுன்னு சொல்லிச்சு."

ஏரியின் அந்தக் கோடியில் இருந்த ஏதோ ஓர் ஊரின் ஸ்டேஷனுக்கு மேப் வழி காட்டியிருக்கிறது. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு வழி சொல்லிட்டிருக்கும்போது எடுத்தா அது பேசறது நின்னுடாதா? அப்புறம் நாங்க எப்படிப் போறது?" என்றார். 

திரும்பிப் போகும் போட் வர வெகுநேரம் ஆகும். விடுதிப் பெண் போனை வாங்கி, பஸ் அடுத்து எங்கே போகிறது என்று கேட்டார். இத்தாலிக்கு என்றேன். அப்படியானால் கவலையே இல்லை, தெற்கே போகும் ஹைவே எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது, பஸ்ஸை இங்கே வரச் சொல்லுங்கள் என்றார். நானும் டிரைவர் அண்ணேயும் மேப்பைப் பார்த்தோம். அந்தப் பெண் சொன்னது சரி. காணாமல் போன இருவரும் பஸ்ஸைவிட முன்னாலே போய் நின்றிருக்கிறார்கள்.

கைடுக்குச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். சாலையோரத்தில் ஆரஞ்சுச் சட்டைகள் இரண்டு கை காட்டுகின்றன. பஸ்ஸுக்குள் எல்லோரும் கைதட்டுகிறார்கள். பெரியம்மா தன் பையிலிருந்த முறுக்கு முழுவதையும் அந்தப் பெண்ணின் கையில் திணிக்கிறார். அவர் வேண்டாம் என்கிறார், பெரியம்மா விடுவதாக இல்லை.

அன்று காத்திருந்த எல்லோருக்கும் கீழே இருந்த கடையிலிருந்து இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ வரவழைத்தேன். டிரைவர் அண்ணே மனைவியின் ஜாக்கெட்டுகளை வாங்க மறந்தே போய்விட்டார். மறுநாள் வந்து, அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்.

இந்தக் கதை அத்தோடு முடிந்திருந்தால் வெறும் சிரிப்புக் கதைதான். இருவரும் ஊர் திரும்பிய வாரம், பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தேன். எவ்வளவு பயந்துபோனேன் தெரியுமா என்றேன். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியம்மாதான் வாயைத் திறந்தார். "போட்டு கிளம்பின உடனே தெரிஞ்சிபோச்சு, இது தப்பான வழின்னு. ஸ்டேஷன் பின்னாடி போவுது, நாங்க முன்னாடி போறோம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

அம்மா தட்டைப் பார்த்தபடி சொன்னார், "நடு ஏரியில எப்படிமா இறங்குறது? அடுத்த கரையில பாத்துக்கலாம்னு உட்கார்ந்துட்டோம். நல்ல காத்து. ரெண்டு பக்கமும் மலை. அக்காவும் நானும் இப்படி ஒரு வேலையும் இல்லாம பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து எத்தன வருஷமாச்சு. எனக்கு இறங்கவே மனசில்ல."

பிறகு போனில் ஒரு படம் காட்டினார். போட்டில் யாரோ எடுத்துக் கொடுத்தது. பெரியம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி காற்றில் பறக்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நேரம் அது.

அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம், கடை வாசலில் அம்மா நின்றார். கையில் எனக்குச் சாப்பாடு. யார் கூட்டி வந்தது என்று கேட்டேன். "ரயில்தான்" என்றார். இப்போது தானே பங்சாருக்குப் போகிறார், பெரியம்மா வீட்டுக்குப் போகிறார், இரண்டு பேருமாகப் பத்துமலைக்குப் போய்விட்டு வருகிறார்கள். மேப்பில் அம்மாவின் வட்டம் நான் எதிர்பார்க்காத தெருவில் நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் கை தானாகப் போனுக்குப் போகிறது. ஆனால் கூப்பிடாமல், அம்மா சாயங்காலம் வந்து எங்கே போனார், என்ன பார்த்தார் என்று தன் வாயால் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன், அந்தச் சந்தோஷத்தை அவரிடமிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.