ஐம்பத்தொரு டிகிரி

திரையின் மூலையில் ஐம்பத்தொன்று என்ற எண் பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும் எண் அது. பழைய விசிறி சுற்றாமல் முனகிக்கொண்டிருந்த நாட்களில் தொண்ணூறைத் தொட்டது. திருச்சியில் வாங்கி வந்த, கார்டைக் குளிர்விக்கும் புதிய கூலரைப் பொருத்தியதும் ஐம்பத்தொன்றுக்கு இறங்கி, அங்கேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டது. வெளியே கீரனூர் வெயில் மொட்டைமாடியை வறுத்துக்கொண்டிருந்தது. நானும் போர்மேனும் அந்த எண்ணைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். வாழ்நாளெல்லாம் அளவுமானிகளை நம்பியே சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள். பச்சை நிறத்தில் ஒரு எண் தெரிந்தால் எங்களுக்குப் பசிகூட அடங்கிவிடும்.

துணைமின் நிலையத்தில் அவர் போர்மேன், நான் சோதனைப் பிரிவுப் பொறியாளர். ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு அவர் போர்மேன், அவருக்கு நான் சார். பராமரிப்பு நாளில் அவரைப் பார்க்க வேண்டும். மின்சாரம் பாயும் இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் ஒரு துளி பிசுக்கு இருந்தாலும் விடமாட்டார். வேட்டித் துணியைக் கிழித்து, பாத்திரக் கடைக்காரர்போலத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் மூச்சு விடுவார். அந்தக் கார்டையும் அப்படித்தான் சுத்தம் செய்தார். பழைய கூலரைக் கழற்றியபோது நடுவில் பெரிய சில்லு ஒன்று, அதைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள். சின்னவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ மெத்தென்று ஒட்டியிருந்தது. "எத்தன வருசத்துப் பிசுக்கு சார் இது" என்று முகம் சுளித்து, பல்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்து, எல்லாவற்றையும் புதுப்பெண்ணின் நகம்போல ஆக்கிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்து மெச்சினேன்.

அறுபது தாண்டிய மனிதருக்குக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று கேட்கலாம். கணினி அவர் மகனுடையது. புதுக்கோட்டையில் கணினிக் கடை வைக்க வேண்டும் என்று நின்றவனை, சம்பாதித்துவிட்டு வந்து பொட்டி தட்டலாம் என்று வளைகுடாவுக்கு அனுப்பிவைத்தார் போர்மேன். கணினி வேலை என்று சொன்ன ஏஜெண்டு, அங்கே கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அன்றிலிருந்து மகன் அப்பாவிடம் பேசுவதில்லை. அவர் நம்பரிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் வாரம் ஒருமுறை, "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறையில், பக்கத்துக் கட்டில்காரனின் லேப்டாப்பை இரவல் வாங்கி, அவன் ஒரு லாரி விளையாட்டு விளையாடுவான். இணையத்தில் நாலைந்து தமிழ்ப் பையன்கள் ஒன்றாகச் சேர்ந்து திரையில் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டே பேசும் விளையாட்டு. மகன் விட்டுப்போன கணினியில் அந்தக் கூட்டத்தின் சுவடு இருந்தது. போர்மேன் வேறொரு பெயரில், திருச்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டு, உள்ளே போய்விட்டார். மைக்கைத் திறப்பதே இல்லை. சொல்ல வேண்டியதை லாரியை ஓரங்கட்டி ஒற்றை விரலால் விசைப்பலகையில் தட்டுவார். மகன் அவரை "அண்ணே" என்பான். "ஸ்டியரிங்க ஒடிக்காதீங்கண்ணே, அது மாட்டுவண்டியா?" என்று கிண்டல் செய்வான். அதை என்னிடம் சொல்லும்போது போர்மேனின் முகத்தில் ஒரு பெருமை வரும். தன் மகனே தன்னைத் திட்டுகிறான் என்ற பெருமை.

கூலர் மாட்டிய பிறகு வந்த முதல் வெள்ளியன்று திரை இருண்டது. அரைமணி நேரம் நன்றாக ஓடியது, பிறகு பட்டென்று கறுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால் மகன் சொன்னதை, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை வந்து என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு போர்மேன் திருப்பிச் சொன்னார்.

"அடுத்த வெள்ளி கடைசி ரவுண்டுண்ணே, அதுக்கப்பறம் யாரும் என்னயத் தேடாதீங்கங்குறான் சார். ஏன்னு தட்டுனேன். எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு இருக்கேங்குறான். அதோட ஸ்கிரீனு போயிருச்சு."

"இன்னொரு நம்பர்ல கூப்பிட்டு நேராவே பேசிருங்க போர்மேன்."

"பேசுனா அந்த ஒரு கதவையும் சாத்திருவான் சார். அவங்காத்தாகிட்ட நேத்து சாயங்காலங்கூட நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிருக்கான்."

அந்த வாரம் முழுவதும் நான் கீரனூருக்குப் பஸ் ஏறினேன். கோளாறு தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எளிதானதிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினோம். மின்சார ஒயரை மாற்றினோம். டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினோம். கூலரைத் திறந்து, சில்லுக்கும் அதற்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் பசையைத் துடைத்து, புதுப்பசை தடவி, திருகுகளை எதிரெதிர் மூலையாக முறுக்கினோம். பெட்டியின் கதவைக் கழற்றி டேபிள் பேனைத் திருப்பி வைத்தோம். சும்மா இருந்தால் நாளெல்லாம் ஓடியது. விளையாட்டைத் திறந்து சுமை ஏற்றினால், அரைமணியில் இருண்டது. இருளும் நொடிவரை எண் மட்டும் ஐம்பத்தொன்று, மிஞ்சினால் ஐம்பத்திரண்டு. ஒருமுறை போர்மேன் மூக்கை உறிஞ்சி, "வார்னிஷ் கருகுற மாதிரி இல்ல?" என்றார். டிரான்ஸ்பார்மர் எரிவதற்கு முன்னால் வரும் வாசனை அது. எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்த வாசனை. இருவரும் எண்ணைப் பார்த்தோம். எண் பச்சையாக இருந்தது. சமையலறையிலிருந்து வருகிறது என்று முடிவு செய்தோம். அங்கே அவர் மனைவி வெறும் ரசம்தான் வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போர்மேன் எதையும் சொல்லவில்லை.

வெள்ளி வந்தது. கோளாறு அப்படியே இருந்தது. அரைமணிதான் கையில் இருக்கிறது, அதற்குள் தட்டிக் கேட்டுவிடுங்கள் என்றேன். ஆனால் மகன் அன்று பேசவே இல்லை. மற்றவர்கள் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு லாரிகள் மட்டும் யாருமில்லாத ஒரு சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. போர்மேன் லாரியை ஓரங்கட்டினால் மகன் நிற்காமல் போய்விடுவானோ என்று பயந்து, தட்டாமலே பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரை இருண்டது.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. முந்தைய முறைகளிலும் அப்படித்தான் இருந்தது, நாங்கள் உடனே சுவிட்சை அணைத்துவிட்டோம். இந்த முறை நான் கையை நீட்டியபோது போர்மேன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கறுப்புத் திரைக்குள்ளிருந்து லாரியின் உறுமலும், அதன்மேல் அந்தப் பையனின் குரலும் வந்தன.

"அண்ணே, வண்டி ரோட்ட விட்டு எறங்குது. பிரேக்கப் போடுங்க. அண்ணே? இருக்கீங்களா?"

போர்மேனின் விரல்கள் விசைகளின் மேல் அலைந்தன. என்ன தட்டினாலும் தெரியப்போவதில்லை. மைக்கை இழுத்து வாய்க்கருகே வைத்தார்.

"தம்பி, அப்பா பேசுறேண்டா. நாந்தாண்டா. ஸ்கிரீனு போயிருச்சு, ஒண்ணுந் தெரியல. நீ எங்கயும் போயிராதடா."

உறுமல் மட்டும் கேட்டது. அவன் வெளியேறிவிட்டால் எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. அதற்கென்று எந்த நடைமுறையும் என்னிடம் இல்லை. போர்மேன் மைக்கை மேசையில் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தார்.

"கார்டப் பிரிச்சீங்களா?"

குரல் மாறியிருந்தது. அண்ணனிடம் பேசுகிற குரல் இல்லை.

"ஆமாடா. கூலரு மாத்துனேன்."

"சின்னச் சில்லு மேல சாம்பக் கலருல மெத்துமெத்துன்னு இருந்துச்சே, என்ன செஞ்சீங்க?"

"அழுக்குன்னு தொடச்சுட்டேன்."

"அது அழுக்கில்லப்பா." மூச்சு இழுக்கும் சத்தம். "அதுதான் அந்தச் சில்லோட சூட்ட வெளிய கடத்துறது. புதுக் கூலரு நடுச் சில்ல மட்டுந்தான் தொடும். டெம்பரேச்சரு நார்மலாத்தான் காட்டிருக்கும். மத்த எடத்துல மீட்டரே கெடயாது."

பிறகு அவன் அழுதான். ஒரு ஆள் அழுவதைத் திரையில்லாமல் கேட்பது கடினம். லைனில் சுமை ஏறும்போது வேலையில்லாதவன் கட்டுப்பாட்டு அறையில் நிற்கக்கூடாது. நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். படியில் போர்மேனின் மனைவி கரண்டியுடன் நின்றிருந்தார். "யாருகிட்ட சார் பேசுறாரு?" என்றார். "ஒங்க மகன்தாம்மா, உள்ள போங்க" என்றேன். கரண்டியோடு உள்ளே ஓடினார்.

கார்டு அன்றோடு போய்விட்டது. போர்மேன் வேறு வாங்கவில்லை. இப்போது வெள்ளிதோறும் மகனே போனில் கூப்பிடுகிறான். அந்த வெள்ளிக்குப் பிறகு என்ன செய்வதாக இருந்தான் என்று நான் கேட்கவில்லை. அவன் ஊர் திரும்புவதற்காக, ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்ட பாஸ்போர்ட்டை மீட்க மனு மேல் மனு எழுதுவது என் வேலை. மனு எழுதுவதில் எனக்குக் குறையில்லை. அதைப் படிப்பவர்களைத்தான் இன்னும் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வெள்ளி நான் அங்கே இருந்தேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் தொடங்கியதுமே போர்மேன் விடவில்லை. என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, முதுகுவலி எப்படி, பக்கத்துக் கட்டிலில் இப்போது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "என்னப்பா, இன்ஸ்பெக்ஷனா?" என்று மகன் சலித்துக்கொண்டான். "ஆமாடா, சொல்லு" என்றார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

"ராத்திரி தூங்குறியா?"

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. போர்மேன் கேள்வியை மாற்றவுமில்லை, போனை வைக்கவுமில்லை. காதோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் திருச்சி ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறும்போதும் அவர் அப்படியேதான் இருந்திருப்பார்.