விழுந்துடுச்சு, வா

இம்ரிக்கைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் தோளைத்தான் சொல்வார்கள். இருபத்து மூன்று குளிர்காலமாக மேல் விடுதிக்குச் சுமை தூக்கிய தோள் அது. தத்ரா மலையின் ஸ்லோவாக் பக்கத்தில் வண்டிப்பாதை முடிந்த பிறகு விடுதிகளுக்கு மனிதன் முதுகுதான் வண்டி. பீர் பீப்பாய், எரிவாயு சிலிண்டர், உருளைக்கிழங்கு மூட்டை, ஒரு தடவை தையல் இயந்திரம்கூட அதில் ஏறிப் போயிருக்கிறது. தலைக்கு மேல் உயர்ந்த சுமைச்சட்டத்தோடு நடந்து நடந்து, ஞாயிற்றுக்கிழமை வெறும் முதுகோடு தேவாலயத்துக்குப் போனாலும் வாசலில் குனிந்துதான் நுழைவான். பாதிரியார் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம்தான், வேறொன்றுமில்லை.

மேல் விடுதியை நடத்துகிறவன் சிரில், இம்ரிக்கின் மனைவி அகாதாவுக்கு அண்ணன். மச்சான்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கேலி கிடையாது. அது ஊமைச் சரிவு.

விடுதிக்குப் பாதி வழியில் அந்தச் சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். இருநூறு அடி நடை, அவ்வளவுதான். கீழே நின்று அண்ணாந்தால் அதன் மேல் பாதி தெரியாது, பாறை மறைத்துவிடும். அது தெரிகிற இடம் ஒன்றே ஒன்று, விடுதியின் அடுப்படி ஜன்னல். அதனால் சுமைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் குட்டைப் பைன் மரத்தருகே நின்று இடுப்புவாரைக் கழற்றி, இடது தோளை வாரிலிருந்து உருவிக்கொள்வார்கள், பனி சரிந்தால் சுமையைச் சட்டென்று உதறுவதற்காக. பிறகு மேலே விடுதிக்குப் போனில் கூப்பிட்டு, "தொங்குதா, விழுந்துச்சா?" என்று கேட்பார்கள். புதுப்பனி மேலே தொங்குகிறது என்றால் திரும்பிவிட வேண்டியதுதான். விழுந்துவிட்டது என்றால் அன்றைக்கு அது மறுபடி விழாது, போகலாம். இரண்டாம் தடவை யாரும் கேட்பதில்லை. கேட்டால் மேலே இருப்பவனைப் பொய்யன் என்று சொன்னது போல ஆகிவிடும்.

அந்த வருடம் டிசம்பர் முப்பதாம் தேதி. இரண்டு நாளாகத் தென்மேற்குக் காற்று விடாமல் அடித்து, மலைமுகட்டின் அந்தப் பக்கத்துப் பனியையெல்லாம் வாரி இந்தப் பக்கம் கொட்டியிருந்தது. மலை மீட்புக்காரர்களின் காலை அறிக்கை அபாயம் ஐந்துக்கு மூன்று என்றது. ஐந்து என்று போட்டால் பைத்தியக்காரன்கூட வீட்டில் இருப்பான். இந்த மூன்று இருக்கிறதே, அது போகலாம் போலவும் இருக்கும், போகக்கூடாது போலவும் இருக்கும். ஆளைக் கொல்வது அதுதான்.

"நாளைக்குப் போனா உலகம் அழிஞ்சிடுமா?" என்றாள் அகாதா.

"புது வருஷத்துக்கு நாப்பது பேர் வந்து இறங்கியிருக்காங்க. பீர் இல்லேன்னா உங்க அண்ணனையே கடிச்சுத் தின்னுடுவாங்க."

"தின்னவங்களுக்குத்தான் வயிறு கெடும்."

இம்ரிக் சிரித்துக்கொண்டே கிளம்பினான். இரண்டு பீப்பாய், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, அறுபது கிலோ. பத்தரை மணிக்குப் பைன் மரத்தடியில் நின்று தோளை உருவிக்கொண்டு போனை எடுத்தான்.

"மச்சான், மரத்துக்கிட்ட நிக்கிறேன். தொங்குதா, விழு..."

"விழுந்துடுச்சு, வா. சூப் கொதிக்குது."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இம்ரிக் போனைப் பையில் போட்டுவிட்டு நடந்தான்.

பாதியைத் தாண்டியிருப்பான். பக்கத்து அறையில் யாரோ மாவு மூட்டையைப் போட்டது போல, காலுக்கடியில் அமுங்கிய ஒரு சத்தம். மேலே வெள்ளையில் விரிசலாக ஒரு கோடு ஓடியது. வலது தோளை உதறினான், சுமை போயிற்று, அடுத்த நொடி அவனும் போனான். பாறையொன்று தடுத்து நிறுத்தியபோது மார்புவரை புதைந்திருந்தான். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. அந்த ஒரு கையால் தன்னைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

விலா வலிக்க மேலே ஏறுகிற வழியெல்லாம் சிரிலுக்காக வாதாடிக்கொண்டே போனான். பக்கத்துச் சரிவு விழுந்ததைப் பார்த்து ஏமாந்திருப்பான். மேகம் மறைத்திருக்கும். வயசாகிறது, கண்ணும் முன்போல இல்லை. ஒரு மனிதன் தப்பாகப் பார்க்கக்கூடாதா? தங்கை புருஷனைக் கொல்லவா பார்ப்பான்?

விடுதியில் சுமைக்காரன் நுழைந்ததும் ரம் ஊற்றிய தேநீர் கையில் வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை யாரும் அவனை ஒன்றும் கேட்கக்கூடாது. சிரில் கோப்பையை நீட்டினான். நீட்டும்போதே அவனுடைய வெறும் முதுகைப் பார்த்துவிட்டான்.

"சுமை எங்க மச்சான்?"

இம்ரிக் கோப்பையை வாங்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனான். பட்டப்பகலில் அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலை வெளியிலிருந்து பனி மேல்சட்டம்வரை மூடியிருந்தது. நேற்று இன்று விழுந்த பனி இல்லை, இறுகிப்போன பனி.

"எது வழியா பார்த்தே?"

"இப்படிக் காத்தடிச்சா அது எப்பவும் விழுந்துடும் மச்சான். உனக்குத் தெரியாததா? நாப்பது பேரு கத்துறாங்க, நான் ஒருத்தன் எதைன்னு..."

"நீ பார்க்கல."

"பார்த்த மாதிரிதான்."

"இருபத்து மூணு வருஷத்துல எத்தனை தடவை பார்த்தே?" என்றான் இம்ரிக்.

சிரில் சூப்பைக் கிளறினான். முட்டைக்கோஸ் வாசனை எழுந்தது. "பெரும்பாலும் பார்த்திருக்கேன்" என்றான்.

பனிக்குள் கிடந்த ஒரு மணி நேரம் இம்ரிக்கிடமிருந்து பிடுங்காததை அந்த ஒரு வார்த்தை பிடுங்கிக்கொண்டது. மேலே ஒருவன் தனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பித்தானே அத்தனை தடவை அந்த இருநூறு அடியை நடந்தான்? எந்தெந்த நாளில் தனியாக நடந்தான் என்பது இனி சிரிலுக்கே தெரியாது. பனியோடு போயிருந்தால் இந்த அசிங்கம் தெரியாமல் போயிருக்குமே என்றுகூட நினைத்தான்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், விலாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிலின் முகம் தெரிந்தது. இம்ரிக் திரும்பிக் கை நீட்டிக் காட்டினான். ஊமைச் சரிவின் ஒரு பாதிதான் சரிந்திருந்தது. மறுபாதி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மலைமுகட்டைச் சுற்றிப் போகும் நீண்ட வழியில் இறங்கினான். நாலு மணி நேரக் கூடுதல் நடை. தேநீர் மேசையிலேயே ஆறிப்போனது.

மலைமுகட்டைத் தாண்டியதும் போன் அடித்தது.

"மச்சான், எங்க இருக்கே? ஜன்னல்லதான் நிக்கிறேன், நகரவே இல்ல. உன்னைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், தெரியலையே." சிரிலின் குரல் அழுவது போல இருந்தது.

"உன் ஜன்னலுக்குத் தெரியாத பக்கமாத்தான் போறேன்" என்றான் இம்ரிக். "போய் சூப்பைப் பாரு."

அதற்குப் பிறகு அந்த விடுதிக்கு அவன் ஒரு தீப்பெட்டிகூடத் தூக்கவில்லை.