மூன்று விலைக்கடிதமும் ஒரு குளிர்ச்சட்டையும்

அரசாங்கக் காசில் ஒரு கரண்டி வாங்குவது, சொந்தக் காசில் ஒரு வீடு வாங்குவதைவிடச் சிக்கலான வேலை. இதைக் கேட்டுச் சிரிக்காமல் தலையாட்டுகிறீர்கள் என்றால், நீங்களும் எங்கேயோ ஒரு சங்கத்திலோ கோவில் சபையிலோ மானியக் காசை வைத்துக்கொண்டு பற்றுச்சீட்டுக்காக அலைந்தவராகத்தான் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜெயந்தி. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கு எழுதும் கிளாக்காக இருந்தவள். டென்மார்க்குக்கு வந்து ஒன்றரை வருசத்தில், ஹொல்ஸ்டெப்ரோவில் அகதிகளுக்கு உதவும் ஒரு சின்னச் சங்கத்தில், பொருள் வாங்கும் பகுதியில் வேலை கிடைத்தது. பகுதி என்றால் இரண்டு மேசை. ஒன்றில் நான், மற்றதில் என் மேலாளர் இங்கர் என்ற டேனிஷ்காரி. சங்கத்துக்குக் காசு தந்தது அரசாங்கம். காசோடு ஒரு தடித்த விதிப் புத்தகத்தையும் சேர்த்துத் தந்திருந்தது. எங்கள் ஆட்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அனுப்பிய விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த வருசங்கள் அவை. பின்னாளில் அது பெரிய விவகாரமாகி ஒரு அரசாங்கமே பதவி விலகியது. அப்போது எங்களுக்கு அதொன்றும் தெரியாது. விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்பதும் விளங்கவில்லை, விதிப் புத்தகமும் விளங்கவில்லை. முதல் நாளே எனக்கு விளங்கிய டேனிஷ் சொல் ஒன்றே ஒன்று, எங்கள் ஊரில் அலுவலகத்துக்குச் சொல்கிற கந்தோர். அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள்.

தில்புட்

முதல் கிழமையே இங்கர் ஒரு வேலை தந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு முப்பது போர்வை வேண்டும். "மூண்டு தில்புட் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் டேனிஷில். தில்புட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கடை வாசலிலும் சிவப்பு எழுத்தில் தொங்குகிற சொல்தானே. மலிவு விலை என்று பொருள். இவ்வளவு சுலபமான வேலைக்கா சம்பளம் தருகிறார்கள் என்று எனக்குள் ஒரு சந்தோசம்.

மத்தியானத்துக்குள் மூன்று சுப்பர்மார்க்கெற்றுக்குப் போய் மூன்று விளம்பரத் தாள்களை எடுத்துவந்து, துளை போட்டு, கோப்பில் வைத்து, அவர் மேசையில் வைத்தேன். இங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் ஒரு பக்கம் விடாமல் படித்தார். அரசாங்கக் காசில் எதை வாங்கினாலும் மூன்று கடைக்காரரிடம் எழுத்தில் விலை கேட்டு ஒப்பிடவேண்டும், அந்த விலைக்கடிதத்துக்கும் தில்புட் என்றுதான் பெயர் என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்போதைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஜெயந்தி, பண்டி இறைச்சி நல்ல மலிவுதான். ஆனா நாங்கள் அதைப் போர்த்துக்கொண்டு படுக்கேலாது."

திருவாளர் அண்ணை

அகதி விடுதியில் தங்கியிருந்த எங்கள் பெடியளுக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்க வேண்டியிருந்தது. அதைத் தரக்கூடிய மூன்று பேரையும் போனில் பிடித்தேன். கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருந்து வான் ஓட்டிவந்து விற்கிறவரை "அண்ணை" என்றேன். மற்ற ஊரில் ஒரு வயதானவர், அவரை "மாமா" என்றேன். மூன்றாவது ஆள் என்னைவிட இளையவர், அவர் "தம்பி". இங்கர் பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நானும் நேர்மையாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. விதிப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, நான் இந்த விசயத்தில் "இன்ஹபீல்" என்றார். வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். தகுதியற்றவர் என்று போட்டிருந்தது. அன்று நான் சோறு சாப்பிடவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த என் மனுசன் கதையைக் கேட்டுவிட்டு, "சங்கக்கடையில ஏழு வருசம் வேலை செய்த உம்மையே தகுதியில்லை எண்டினமோ?" என்று என்னைவிடக் கூடுதலாகக் கோபப்பட்டார். சொந்தக்காரரிடம் பொருள் வாங்குகிறவர் அந்தத் தீர்மானத்தில் இருந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று அடுத்த நாள் இங்கரே விளங்கப்படுத்தினார். அவர்கள் எவரும் என் சொந்தமில்லை, தெரியாத ஆளையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று நானும் விளங்கப்படுத்தினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அரிசி விசயத்தைத் தானே கதைப்பதாகச் சொல்லி, நான் எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்து புரொண்பிக்குப் போன் எடுத்தார். குரலைச் சரிசெய்துகொண்டு டேனிஷில் மிக மரியாதையாகத் தொடங்கினார்: "வணக்கம். திருவாளர் அண்ணையோடை கதைக்கலாமோ?"

வட்டப் பணிஸ்

முப்பது போர்வையும் விற்ற சந்தோசத்தில் கடைக்காரர் எங்களுக்கு ஒரு பெரிய வட்டப் பணிஸ், இனிப்பு பன், அனுப்பிவிட்டார். பாதாம் தூவினது. வாசம் கந்தோரெல்லாம் பரவியது. விற்கிறவரிடம் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று விதி. இங்கர் அதைத் திரும்பக் கட்டி, ஒரு கடிதமும் வைத்து, தபாலில் அனுப்பினார். நாலு நாள் கழித்துக் கடைக்காரர் போன் எடுத்தார். பணிஸ் கல்லாகி வந்து சேர்ந்ததாம். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான்: "அடுத்த முறை மூண்டு பேக்கரியிட்ட விலை கேட்டிட்டு அனுப்பட்டோ?"

அல்லது அதற்குச் சமமானது

மனைவிமார் வரும்வரை தனியாகச் சமைக்கவேண்டிய ஆட்களுக்காகச் சமையலறை ஒன்று போட்டோம். எல்லோரும் சேர்ந்து இடியப்ப உரல் கேட்டார்கள். எனக்கு அது சின்ன விசயமாகத்தான் பட்டது. ஆனால் விதிப்படி ஒரு பொருளின் குறிப்பிட்ட பெயரையோ தயாரிப்பையோ எழுதி விலை கேட்கக்கூடாது. அது என்ன செய்யவேண்டும் என்று விவரித்து, "அல்லது அதற்குச் சமமானது" என்று முடிக்கவேண்டும். நானும் அகராதியோடு இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதினேன்: மென்மையான பசையை உள்ளே வைத்து அழுத்தினால் துளைகள் வழியாக நீளமாக வெளியே வரச்செய்யும் கைக்கருவி, அல்லது அதற்குச் சமமானது.

மூன்று கடைகளும் பதில் போட்டன. ஒருவர் பிஸ்கற் மாப் பிழியும் குழாய். ஒருவர் இறைச்சி அரைக்கிற யந்திரம். மலிவாகத் தந்தவர் அவித்த உருளைக்கிழங்கு நசிக்கிற கருவி. மூன்றுமே என் விவரணைக்கு அச்சொட்டாகப் பொருந்தின. வேறு வழியில்லை, உருளைக்கிழங்குக் கருவி வந்தது, ஆறு. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியைச் சேர்ந்த ராசதுரை அண்ணை மாவைக் குழைத்து வைத்து அழுத்தினார். மண்புழு மாதிரித் தடிப்பாக ஏதோ விழுந்தது. அதை அவித்து, சொதி ஊற்றி, எல்லோரும் சாப்பிட்டார்கள். பொருள் விவரணைக்குப் பொருந்துகிறதா என்று பாவித்தவரிடம் கேட்டு எழுதவேண்டும் என்பது கடைசிப் படிவம். ராசதுரை அண்ணை கையைக் கழுவிவிட்டு வந்து, என் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னார்: "பொருள் சரி, தங்கச்சி. உங்கட விவரணைதான் இடியப்பத்துக்குப் பொருந்தேல்லை."

மாறிப்போன உறை

தளபாடங்களை வீடுகளுக்கு ஏற்றி இறக்க ஒரு வான் தேவைப்பட்டது. மூடிய உறையில் விலை அனுப்பவேண்டும், குறித்த நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து திறந்து, சத்தமாக வாசிக்கவேண்டும். எஸ்பியர்க்கில் இருந்து மன்னார் ஆள் ஒருவரும் அனுப்பியிருந்தார். ஞானப்பிரகாசம் என்று பெயர், மீன் தொழிற்சாலையில் வேலை, சொந்தமாக ஒரு பழைய வான். அவருடைய உறையைத் திறந்து இங்கர் விதிப்படி சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்: "மதிப்புக்குரிய ஐயா, என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒன்றரை வருசமாக மன்னாரில் காத்திருக்கிறார்கள். இப்ப அங்கே இரவில் வீட்டில் படுக்க முடியாது..." ஞானப்பிரகாசத்தின் உடைந்த டேனிஷில் அது இன்னும் மோசமாகக் கேட்டது. இங்கர் நிறுத்திவிட்டார். உறையைத் திருப்பி எங்கள் முகவரியை இன்னொரு தரம் பார்த்தார்.

ஞானப்பிரகாசம் இரண்டு கடிதத்தையும் ஒரே இரவில் எழுதியிருக்கிறார், உறைகள் மாறிவிட்டன. வானுக்கான விலைக்கடிதம் கோப்பன்ஹேகனில் விண்ணப்பங்களைப் பார்க்கிற கந்தோருக்குப் போயிருந்தது. நான் போன் எடுத்து அவரிடம் சொன்னேன். மூன்று கிழமை கழித்து அங்கேயிருந்து அவருக்குப் பதில் வந்தது. கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கடிதம் கிடைத்தது, உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது, தயவுசெய்து பொறுத்திருக்கவும். அவர் மனைவியைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் வந்த அதே மூன்று வரி. வான் வாடகைக்கும் அதுதான் பதில்.

உறை மாறினால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. உறை திறந்த அன்றே இங்கர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சமமாக இன்னொரு கிழமை அவகாசம் கொடுத்தார். ஞானப்பிரகாசம் அண்ணை திரும்பவும் அனுப்பினார். அவருடைய விலை இரண்டாவதாக வந்தது. வேலை ஒரு டேனிஷ்காரருக்குப் போனது. உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற கடிதத்தை, இன்ன காரணம் என்று எழுதி, கையெழுத்து வைத்து, நானே அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் இரண்டு தரம் வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். "நீங்கள் எண்டாலும் ஒரு முடிவு சொன்னியள், தங்கச்சி. இல்லையெண்டதும் ஒரு முடிவுதானே."

அளவு

வரப்போகிற பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை வாங்க ஒரு மானியம் வந்தது. தலையில் இருந்து கால்வரை ஒரே துண்டாய்த் தைத்த பஞ்சுச் சட்டை. பிள்ளையின் பெயர் கொடுத்து, அளவு கொடுத்து, அந்த வருசத்துக்குள்ளேயே வாங்கிவிட வேண்டும். இங்கே பிள்ளைகளின் உடுப்புக்கு வயதில்லை, உயரம்தான் அளவு. ஹொல்ஸ்டெப்ரோவில் தச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்த தவராசா அண்ணையின் மகள் மதுரா யாழ்ப்பாணத்தில் தாயோடு இருந்தாள். அவர் கடிதம் போட்டு அளவு கேட்டார். தாய் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, விமானத் தபால் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்தார். கந்தோர் அடிமட்டத்தில் அளந்தேன். தொண்ணூற்றெட்டு சென்ரிமீற்றர். சிவப்பு நிறத்தில் வாங்கினோம்.

அந்த வருசம் அவர்கள் வரவில்லை. அடுத்த மாரிக் குளிருக்கு முன்னம் இன்னொரு நூல் வந்தது. நூற்று நாலு. கடைக்காரர் மாற்றித் தரச் சம்மதித்தார், ஆனால் எங்களுக்கு அதற்கொரு படிவம். மாற்றக் காரணம் என்ன: உடைந்ததா, பிழையான பொருளா, நிறம் சரியில்லையா, வேறா? இங்கர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு "வேறு" என்பதற்குப் பக்கத்தில் எழுதினார்: பொருளில் குறையில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டது. அதற்கடுத்த வருசமும் அதையே எழுதினார். கணக்காய்வாளர் வந்து அலுமாரியில் தொங்கிய சட்டையைப் பார்த்து, பாவிப்பவர் எங்கே என்று கேட்டார். இங்கர் படிவங்களை வரிசையாக எடுத்து வைத்தார். தொண்ணூற்றெட்டு, நூற்று நாலு, நூற்றுப் பத்து. அந்த மனிதர் வாசித்தார், மூக்கைத் துடைத்தார், எல்லாவற்றிலும் தன் முத்திரையைக் குத்திவிட்டுப் போனார்.

சட்டையின் அளவு நூற்றுப் பதினாறுக்கு மாறியபின்தான் அவர்கள் வந்தார்கள். அதுவும் மே மாதத்தில், வெயிலில். அடுத்த நாள் தவராசா அண்ணை மனைவியையும் மகளையும் கந்தோருக்குக் கூட்டிவந்தார். மூன்று வயதில் பிரிந்த பிள்ளை. அவர் கையைப் பிடிக்கப் போக, அவள் தாயின் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். சட்டையைப் போட்டுப் பார்த்தாள், வேர்த்து ஒழுகியும் கழற்ற மாட்டேன் என்றாள். பொருள் கிடைத்ததற்குப் பாவிப்பவரின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. எழுதத் தெரிந்த பிள்ளை, அதனால் இங்கர் பேனையை அவளிடமே கொடுத்தார். சட்டை கிடைத்ததற்கு இந்தக் கோட்டின் மேல் பெயர் எழுது என்று நான் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு "மதுரா" என்று தமிழில் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, கதவடியில் நின்ற தகப்பனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் காதுக்குள் கேட்டாள்: "அன்ரி, அப்பாவுக்கும் நான் கையெழுத்து வைக்கவேணுமோ?"

அந்தக் கந்தோரில் நான் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை, அதில் விளங்கி நிரப்பியது எது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்கும் மூன்று பேரிடம் எழுத்தில் கேட்டுத்தான் பதில் சொல்லவேண்டி வரும்.