தொழில்: சும்மா

மளிகைக்காரரின் மனைவிக்கு எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள், கணக்கெடுப்புக்காரர் கடைக்குள் வந்து விரித்த தாளைச் சும்மா விடுவாளா? பெரிய தாள், முழுக்கக் கட்டம் கட்டமாக. பத்து வருஷத்துக்கு ஒருமுறை நாட்டிலுள்ள அத்தனை தலைகளும் அதில் ஏறுமாம். கயிறு அளந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

முதலில் குடும்பத் தலைவர் என்று கணவர் ஏறினார். தொழில், வியாபாரம். வாரத்தில் நாலு நாள் வண்டி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுகிற மனிதர். அடுத்து அவர் தம்பி. பொழுது சாயும்வரை சீட்டாடுகிற அந்த மகராசனுக்கும் வியாபாரமாம்!

"வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?"

"அவளா? வீட்ல சும்மாதான் இருக்கா" என்றார் கணவர்.

பேனா அப்படியே எழுதிக்கொண்டது.

அவளுக்குச் சுருக்கென்றது. பதினேழு வருஷமாகக் கடையைத் திறப்பதும் பூட்டுவதும் அவள்தான். விதையைக் கடித்துப் பார்த்தே முளைக்குமா முளைக்காதா என்று சொல்லிவிடுவாள். எந்த வீட்டு விளக்குக்கு எந்தத் திரி என்பதுவரை அத்துப்படி. இன்றைக்கு விட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு அவள் சும்மாதான். நேரே போய், தப்பாக எழுதியிருக்கிறது, மாற்றுங்கள் என்றாள். தலைவர் வாயால் சொன்னால்தான் மாற்றலாம், அதுதான் விதி என்று கணக்கெடுப்புக்காரர் கையைப் பிசைந்தார். கணவரோ காதில் விழாதது மாதிரி உத்தரத்தைப் பார்த்தார்.

அப்படியா சேதி! கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கூரை ஆணி கேட்டு ஒருவர் வந்தார். கணவர் ஆறு டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒன்றிலும் ஆணி இல்லை. விதை வாங்க வந்த விவசாயி, அம்மா கடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கணவரே ஒன்றைக் கடித்தார். பல் வலித்ததுதான் மிச்சம். கணக்கெடுப்புக்காரர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். இது எங்கே போய் முடியும் என்று அவருக்கும் ஆவல் தாங்கவில்லை.

கடைசியில் கணவர், யார் முகத்தையும் பார்க்காமல், டப்பாக்களைப் பார்த்தே சொன்னார்: "கடைய நடத்துறது அவதாங்க. அப்படியே எழுதிக்கோங்க."

பழைய சொல்லின் மேல் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் 'வியாபாரம்' என்று ஏறியது. அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"காதுல சரியா விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."