மிக்சர்த் தட்டும் கலியாணக் காரும்

சண்டை முடிந்த அந்த வருடத்தின் கார்த்திகை மாதம், யூனியன்விலுக்கு வடக்கே ஒரு சோளக்காட்டு ஓரத்தில் நான் முகம் குப்புறக் கிடந்தேன். பின்னேரம் ஐந்து மணி இருக்கும். ரொறன்ரோவில் அந்த மாதத்தில் அதற்குள் இருட்டிவிடும். சோளம் வெட்டிய அடிக்கட்டைகள் நெஞ்சில் குத்தின. எனக்குப் பின்னால் என் கார் றோட்டோர வாய்க்காலான ஒரு கானுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. அதன் விளக்குகளை நான்தான் நூர்த்து இருட்டாக்கியிருந்தேன். குண்டு ஒன்றும் விழவில்லை. ஹெலிகொப்டர் ஒன்றும் வரவில்லை. எதிரே வந்தது ஒரு கலியாணக் கார்.

கதையைக் கராஜ் அண்ணையிடம் இருந்து தொடங்கவேண்டும். அவருக்கு ஸ்காபரோவில் சொந்தமாக ஒரு கராஜ். கராஜ்களுக்குக் கார்ச் சாமான்கள் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு நாளில் எத்தனை கராஜுக்குப் போனாலும் நான் தேத்தண்ணி குடிப்பது அவரிடம்தான். அந்தக் கோடையில் அவர் யூனியன்விலுக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த காரை வாங்கினார். கார் என்ற சாமான் உலகத்துக்கு வந்து அதிக காலம் ஆகாதபோது செய்த கார் அது. சக்கரத்துக் கம்பிகள் மரம், கூரை துணி, முன்னால் பித்தளையில் இரண்டு விளக்குகள், ஒவ்வொன்றும் பொங்கல் பானை அளவு. அதைத் துடைத்துப் பூச்சுப் பூசி எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்கு ஓடவிடுவதுதான் அவருடைய திட்டம். வண்டியை மட்டும் கொட்டிலிலேயே வைத்து வேலை செய்தார். கராஜில் இடமில்லை.

விளக்குகளில் இருந்த கண்ணாடி அவருக்குப் பிடிக்கவில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளம் விழுந்த கண்ணாடி. குளியலறை யன்னலுக்குப் போடுகிறது மாதிரி இருக்கு என்றார். கழற்றிவிட்டு, யன்னல் கடையில் சொல்லி, பளிங்கு போன்ற வெறும் கண்ணாடி வெட்டிப் போட்டார். உள்ளே இருந்த பல்ப் மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்தது. அதையும் தூக்கிவிட்டு, லொறிக்குப் போடுகிற பல்பாகப் பார்த்துப் போட்டார். கலியாணக் கார் என்றால் ஆள் வர முதல் வெளிச்சம் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. நானும் தலையாட்டினேன். பல்பைக் கொண்டுவந்து கொடுத்ததே நான்தானே.

அந்தக் காரின் முதல் கலியாணம் என் மருமகளுடையது. அக்காவின் மகள். முதலில் அவளுடைய கலியாணத்துக்கு வைகாசியில் மண்டபம் எடுத்திருந்தார்கள். ஊரில் எல்லாம் முடிந்த அந்த வைகாசியில் எங்களில் ஒருவருக்கும் மண்டபத்துக்குள் போகிற மனம் இருக்கவில்லை. அவளே சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற கூட்டத்தோடு குளிருக்குள் றோட்டில் நின்றுவிட்டு, குரல் அடைத்துப்போய் வந்து, மண்டபத்தையும் சோடனையையும் மேளத்தையும் ஒவ்வொன்றாகப் போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னாள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஊரில் அகதி முகாமில், முட்கம்பிக்குப் பின்னால். கடைசியில், இனியும் பிள்ளைகளைக் காத்திருக்க வைக்கவேண்டாம் என்று அவரே அங்கிருந்து சொல்லி அனுப்பினார். நாளைப் பெரியவர்கள் வைத்தார்கள். சேலை, சாப்பாடு, ஐயர் எல்லாம் பெரியவர்கள் பார்த்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்: பின்னேர வரவேற்புக்கு அந்தப் பழைய காரில் போகவேண்டும், அதை மாமா ஓட்டவேண்டும்.

மாமா, அதாவது நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓம் என்றேன். இருட்டின பிறகு கார் ஓடாமல் தப்புவதற்கு நான் வைத்திருந்த சாட்டுகளின் நீளம் அவளுக்குத் தெரியாது. தலையிடி, கண்ணாடி மாற்றவேண்டும், நாளைக்கு வெள்ளனப் போகவேண்டும். உண்மை வேறு. ஊரில் இரவு ஒரு வெளிச்சம் தெரிந்தால் அந்த வெளிச்சத்துக்கு மேலே யாரோ இருக்கிறான் என்று அர்த்தம். பெரிய வெளிச்சம் வந்தால் உன்னுடைய சின்ன வெளிச்சத்தை நூர், விழுந்து படு. அவ்வளவுதான் நாங்கள் படித்த றோட்டுச் சட்டம். கனடாவுக்கு வந்து எவ்வளவோ காலம். நான் பிரஜாவுரிமை எடுத்துவிட்டேன், என் கை இன்னும் எடுக்கவில்லை. புதுக் கார்களின் விளக்கு இங்கே முழுதாக நூராது என்பதற்காகவே தேடித் தேடிப் பழைய கார் வாங்குகிற ஆள் நான்.

நான் சோளக்காட்டில் விழுந்த அன்றைக்குத்தான் கராஜ் அண்ணை காரை முதல்தரம் றோட்டில் ஏற்றினார். வந்து பாரும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். வெள்ளனப் போய் வெள்ளனத் திரும்பலாம் என்று வெளிக்கிட்டவன், நெரிசலில் மாட்டி இருட்டோடுதான் போய்ச் சேர்ந்தேன். பண்ணைக்குத் திரும்புகிற வளைவில் எனக்கு முன்னால் இரண்டு சூரியன்கள் எழும்பின. பக்கத்தில் பக்கத்தில், மரத்து உச்சிவரை வெள்ளையடித்துக்கொண்டு. அவற்றுக்குப் பின்னால் கார் இருந்தது, கராஜ் அண்ணை இருந்தார், மணவறை வர்ணத்தில் ஒரு பிளாஸ்ரிக் பூமாலைகூட இருந்தது. ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கை தன்பாட்டில் போய் விளக்கை நூர்த்தது. கால் என்ன செய்தது என்று கான்தான் சொல்லவேண்டும். அடுத்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது சோளக்கட்டை.

அவர் இறங்கி நடந்து வருகிற சத்தம் கேட்டது. என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"என்ன ஐசே, ஏதும் விழுந்துபோச்சோ?"

"அண்ணை, முதல்ல லைட்டை நூருங்கோ."

"ஆர் வந்து அடிக்கப்போறான் எண்டு இதுக்குள்ள படுத்திருக்கிறீர்? சண்டை முடிஞ்சு அரை வருசம்."

நான் எழும்பி மண்ணைத் தட்டினேன். மோதிரத்தைத் தேடினேன் என்றேன். நான் மோதிரம் போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் சிரித்தார். சிரித்து முடிய, சிரிப்பு இல்லாத முகத்தோடு தன்னுடைய காரின் விளக்குகளைத் திரும்பிப் பார்த்தார். கானைப் பார்த்துத் திரும்பாமல், கண் தெரியாமல் நேரே வருகிறவன் ஒருவன் எதிரே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசிப்பது எனக்கும் விளங்கியது. அந்தக் காருக்குள் என் மருமகள் இருப்பாள்.

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வாயில் வடிகட்டி இல்லை. இரண்டு நாளில் கதை ஸ்காபரோ முழுக்கப் போய், அஜக்ஸுக்குப் போய், அங்கே இருக்கிற அக்காவிடம் வந்து சேர்ந்தது. அவளிடம் வந்தபோது நான் சோளக்காட்டுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தேன். அக்கா சுருக்கமாகச் சொன்னாள்: அந்தக் காரும் வேண்டாம், அதை ஓட்டுகிறவனும் வேண்டாம், பிறம்ரனில் ஒரு ஆளிடம் நீளக் கார் இருக்கிறதாம், றைவரோடு வருமாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுத்தது மருமகள். தாயோடு சண்டை போடவில்லை, அழவில்லை. எல்லாத்தையும் ஒருக்கா கான்சல் பண்ணிட்டன் அம்மா, இதைப் பண்ணேலாது என்று மட்டும் சொன்னாளாம். கடைசியில் அக்கா ஒரு தவணை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வெளிச்சம் ஒருவர் கண்ணையும் குத்தாமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிறம்ரன்.

குத்துகிறதா இல்லையா என்று எப்படி அளப்பது? கராஜ் அண்ணையிடம் அளவுகோல் தயாராக இருந்தது.

"உம்மைவிடப் பயந்த ஆள் ரொறன்ரோவில இல்லை. நீர் பயப்படாட்டி வேற ஒருத்தரும் பயப்படமாட்டினம்."

காரை ட்ரக்கில் ஏற்றி ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்தார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரம், கராஜின் பின்பக்கத்தில், பக்கத்துக் கடைச் சுவரோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் நான் உட்கார்த்தப்பட்டேன். குளிர் ஜக்கற், தொப்பி, கையுறை. எதிரே கலியாணக் கார். மருமகளும் வந்திருந்தாள். சாட்சிக்கு என்றாள். எனக்கு என்னவோ காவலுக்கு வந்தவள் போலத்தான் இருந்தது.

முதலில், கடையில் தின்ன வாங்குகிற றோல்ஸ் சுற்றி வருகிற எண்ணெய்த்தாளைக் கண்ணாடியில் ஒட்டினோம். வெளிச்சம் பால்போலத் தணிந்தது. சரி என்று நான் சொல்ல வாயைத் திறக்க, லொறிப் பல்பின் சூட்டில் தாள் பொரிந்து, கராஜ் முழுக்க றோல்ஸ் மணத்தது. அடுத்தது என்னுடைய யோசனை. ஊரில் சண்டை நேரம் கார் விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புப் பூசுவார்கள், வானத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் றோட்டுமட்டும் தெரியும். ஒட்டுகிற கறுத்த ரேப் எடுத்து மேல்பாதியை மூடினோம். கார் அரைத்தூக்கத்தில் நிற்பது போல் இருந்தது. மருமகள் அதைப் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்ப, செத்தவீட்டுக்கு விடுகிற காரா என்று பதில் வந்தது. வெளிச்சத்தில் பாதி போனது உண்மைதான். மிச்சப் பாதி நேரே என் கண்ணுக்கு வந்தது. விளக்குகளைத் தலைகுனிய வளைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு வந்தது வயிற்றுக்கு வந்தது. தூரத்தில் மேடு இருந்தால் திரும்பவும் கண்ணுக்குத்தான் வரும்.

கடைசியில் நான் சரி என்று சொன்னபோது மருமகள் கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டுக் கராஜ் அண்ணையைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், மாமா கண்ணை மூடிக்கொண்டுதான் சரி எண்டு சொல்றார்."

அதற்குப் பிறகு அவள் என் பக்கத்திலேயே நின்றாள். பசிக்கு மிக்சர் எடுத்துவந்து கையில் தந்தாள். கராஜில் எப்போதும் மிக்சர் கொட்டி வைக்கிற அந்தக் கண்ணாடித் தட்டு. அடியில் வரிவரியாகப் பள்ளம் இருப்பதால் கடலை எல்லாம் வரிசையில் நிற்கும். பல கிழமையாக அதில்தான் தின்றுகொண்டிருந்தோம். கராஜ் அண்ணை ரேப்பை உரித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சுவிச்சைப் போட்டார். இரண்டு சூரியன்களும் ஒன்றாக எழும்பின. நான் வீரமாகச் செய்தது ஒன்றுதான்: தட்டை முகத்துக்கு நேரே தூக்கினேன். மிக்சர் முழுதும் மடியில் கொட்டியது.

தட்டுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் சூரியன் இல்லை. பக்கவாட்டில் நீட்டி விரிந்த ஒரு வெளிச்சம், கண்ணைக் குத்தாத வெளிச்சம். நான் தட்டைத் திருப்பினேன். சூரியன் மேலும் கீழுமாக நீண்டது. மீண்டும் திருப்பினேன். பக்கவாட்டில் படுத்தது. "அண்ணை" என்றேன். அவர் தட்டைப் பார்த்தார், விளக்கின் வட்டத்தைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார்.

"எட, நான் கழட்டி எறிஞ்சது."

எறியவில்லை என்பதுதான் எங்கள் அதிர்ஷ்டம். நல்ல கண்ணாடி, வட்டமாக இருக்கு, வீசுவானேன் என்று கொண்டுவந்து கழுவி வைத்திருக்கிறார். மற்றக் கண்ணாடியைத் தேடவேண்டி இருக்கவில்லை. அது கராஜுக்குள் சாமி மாடத்தில் பிள்ளையாருக்கு முன்னால், திருநீறு நிறைந்து இருந்தது. அதை எடுப்பதற்கு அவர் கொஞ்சம் தயங்கினார். கைகூப்பிக் கேட்டுவிட்டு, திருநீற்றை ஒரு மூடியில் கொட்டி எடுத்தார். அவசரத்துக்குப் பூச்சு டின் மூடிதான் அகப்பட்டது.

குளியலறை யன்னல் என்று அவர் நினைத்த வரிகள்தான் அந்தக் காரின் முழு மூளையும். அந்தக் காலத்திலும் எதிரே வருகிறவன் கண்ணைப் பொத்திக்கொண்டு கானுக்குள் போயிருக்கிறான் போல. அதனால்தான் யாரோ இருந்து யோசித்து, வெளிச்சத்தை உயர விடாமல் பக்கத்துக்கு விரித்துப் பதிய வைக்க அந்த வரிகளை வார்த்திருக்கிறார்கள். நாங்கள் அதில் கடலை தின்றிருக்கிறோம். இரண்டு கண்ணாடியையும் மாட்டி, லொறிப் பல்பைக் கழற்றிச் சின்னப் பல்பைப் போட்டு, அதை முன்னும் பின்னும் தள்ளிச் சரியான இடத்தில் நிறுத்தினார். எனக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தேன். முன்பு கூரைவரை எரிந்த சுவரில் இப்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு வெளிச்சம், உலரவிட்ட வேட்டிமாதிரி அகலமாகக் கிடந்தது. நான் சரி என்றேன். மருமகள் என் கண்களைப் பார்த்தாள். திறந்திருந்தன. அவளும் சரி என்றாள். அக்காவுக்குப் போன் போனது.

கார் தேறிவிட்டது. ஓட்டுகிறவன் தேறினானா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுடைய வெளிச்சம் மற்றவன் கண்ணைக் குத்தாது. மற்றவனுடைய வெளிச்சத்துக்கு மிக்சர்த் தட்டை யார் பிடிப்பது? கலியாணத்துக்கு முதல் நாள் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். தலையிடி வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா மாத்திரை தந்தாள்.

கலியாணத்தன்று பின்னேரம் யூனியன்வில் குளத்தடியில் படம் எடுத்து முடியவே மங்கிவிட்டது. மண்டபம் ஸ்காபரோவில். நான் கோட்டும் தலைப்பாகையுமாகக் காரில் ஏறினேன். மாப்பிள்ளைப் பொடியன் பின்னால் ஏறி, பொம்பிளைக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தான். அவள் பின்கதவைத் தாண்டி வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறினாள். பின்னால் இருந்தால் சேலை கசங்கும் என்றாள். பொடியன் ஓகே என்றான், கனடாவில் பிறந்த பிள்ளை. அந்தக் காரில் விளக்குச் சுவிச் நடுவில், இருவருக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. நான் அதைத் திருகினேன். வேட்டி விரிந்தமாதிரி வெளிச்சம் றோட்டில் படுத்தது. எதிரே வந்த ஒருவரும் எங்களுக்கு லைற் அடித்துக் காட்டவில்லை. சில பேர் கண்ணாடியை இறக்கிக் கைகாட்டினார்கள். எங்கள் வெளிச்சத்துக்கு அப்பாலும் அவர்களுக்குப் பொம்பிளை தெரிந்திருக்கிறாள்.

கென்னடி றோட்டில் ஒரு சின்ன ஏற்றம். அதன் உச்சியில் இருந்து ஒரு லொறி இறங்கியது, முழு வெளிச்சத்தோடு, இருக்கிற விளக்குகளை எல்லாம் எரித்துக்கொண்டு. அவனுக்கு யாரும் வரி போட்ட கண்ணாடி கொடுத்திருக்கவில்லை. வலக்கை ஸ்ரியறிங்கை விட்டுவிட்டுத் தன்பாட்டில் சுவிச்சுக்குப் போனது.

சுவிச் இருந்த இடத்தில் ஒரு கை இருந்தது. மருதோன்றி போட்ட, காப்புப் போட்ட கை, சுவிச்சை முழுதாக மூடிக்கொண்டு. அது எப்போது அங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது. யூனியன்விலில் இருந்தே இருந்திருக்கவேண்டும். அவள் என்னைப் பார்க்கவில்லை, நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கோ மாமா. லொறியைப் பாக்காதேங்கோ."

பார்த்தேன். கோடு இருந்தது. எங்கள் விளக்கில் நன்றாகவே தெரிந்தது. லொறி எங்களைக் குலுக்கிக்கொண்டு கடந்து போனது. என் கை, அங்கே ஏதோ தூசு தட்டப் போனமாதிரி, மெல்லத் திரும்பி வந்தது. பின்னால் இருந்து பொடியன், எல்லாம் ஓகேயா என்று கேட்டான். சேலை கசங்குதாம் என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. மண்டப வாசலில் அக்கா ஆலாத்தித் தட்டோடு வந்து பின்கதவைத் திறந்தாள். உள்ளே மாப்பிள்ளை மட்டும் மாலையோடு தனிய இருப்பதைக் கண்டு திகைத்து நின்றாள். அந்தப் படம் இப்போதும் அல்பத்தில் இருக்கிறது. மேளம் தொடங்கிவிட்டது. படக்காரன் முன்பக்கம் ஓடி வந்தான். அப்போதுதான் மருமகள் சுவிச்சில் இருந்து கையை எடுத்து, விரல்களை உதறி, சேலையைச் சரிபண்ணினாள்.

"இப்ப நூருங்கோ மாமா" என்றாள்.