பின்னுக்குப் போகாத வான்

செட்டிபாளையத்து எங்கள் வீட்டில், அம்மா மீன் கழுவும் சட்டியில் அன்று சிவப்பு எண்ணெயில் ஊறிக்கிடந்தவை வானின் கிளச் தட்டுகள். அந்த எண்ணெயின் வாடையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். யுத்த காலம். எங்கள் பக்கத்தில் எவரும் அதுவரை கண்டிராத, தானே கியர் மாற்றும் "ஓட்டோ கியர்" வான் அப்பாவுடையது. அது முன்னால் ஓடியது, ரிவர்ஸ் மட்டும் செத்துப்போயிருந்தது. பாலத்தடியில் வாகனம் மறிக்கும் சென்றியில் சிப்பாய் பின்னால் எடுக்கச் சொல்ல, வான் அசையாமல் நிற்க, அவன் துவக்கை நீட்டிவிட்டான். ஏறியிருந்தவர்கள் இறங்கித் தள்ளியதால்தான் அப்பா உயிரோடு வீடு வந்தார்.

"முன்னுக்குப் போகாத வான் வீட்டில நிக்கும், பின்னுக்குப் போகாத வான் ஆளைக் கொல்லும்" என்றார்.

கொழும்பிலிருந்து புதுத் தட்டுகள் வந்ததும், பஸ் திருத்திப் பழகிய மாமா, அம்மாவின் தம்பி, கியர்பொக்ஸைத் திறந்தார். இந்தச் சாதிக் கியரைத் திறப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. எனக்கு ஒன்பது வயது. தட்டுகளில் இரண்டு விதம். இரும்புத் தட்டுக்கு வெளிப்பக்கம் பல். மற்றதற்கு உள்பக்கம் பல், மேலே கடுதாசி மாதிரி ஒரு பூச்சு. கடுதாசி எப்படி வானைத் தள்ளும்? எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெயில் ஒட்டிக்கிடந்த ஒரு சோடியை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துப்போய், கொப்பியில் வைத்துச் சுற்றி வரைந்தேன்: கதிர்களை வெளியே நீட்டிய சூரியன் ஒன்று, உள்ளே இழுத்துக்கொண்ட சூரியன் ஒன்று.

அதற்குள் மாமா இரும்பு, கடுதாசி, இரும்பு, கடுதாசி என்று மாறிமாறி அடுக்கிப் பூட்டு வளையத்தையும் போட்டுவிட்டார். ஆட்டிப் பார்த்தால் சலசலவென்றது.

"கொஞ்சம் ஆடத்தான் வேணும் அத்தான், ஜப்பான்காரன் கணக்கு அப்பிடி." தனக்குத் தெரியாததற்கெல்லாம் ஜப்பான்காரனைச் சாட்சிக்கு இழுப்பது மாமாவின் வழக்கம்.

"அப்ப நாளைக்குப் பாலம் தாண்டி டவுனுக்குப் போறன்" என்றார் அப்பா.

நான் எடுத்த சோடி இல்லாமல்தான் அது ஆடுகிறது என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்கு நீட்டிய துவக்குத்தான் கண்ணில் நின்றது. ஓடிப்போய் அந்தச் சோடியைக் கொண்டுவந்து நீட்டினேன், அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு. அடி விழவில்லை. அப்பா வாங்கிப் பார்த்தார். "இதையும் போடு" என்று மட்டும் மாமாவிடம் சொன்னார்.

இப்போது ஆட்டம் இல்லை. மாமா சைக்கிள் பம்பை எண்ணெய்த் துளையில் பிடித்து அமுக்க, உள்ளே "டொக்" என்று தட்டுகள் எல்லாம் ஒன்றாக இறுகின. "ஒண்டு குறைஞ்சாலும் பிடிக்காது புள்ள" என்றார், ஏதோ முன்பே தெரிந்தவர் மாதிரி.

மறுநாள் பின்னேரம் ஒழுங்கை முனையிலிருந்து வான் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. வீட்டு வாசல்வரை அப்பா ரிவர்ஸிலேயே வந்தார். "என்ன விசர் இந்த மனிசனுக்கு!" என்று அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

அந்தச் சென்றி இப்போது இல்லை. மண்மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். வானும் இல்லை, அப்பாவும் இல்லை. இன்று எங்கு பார்த்தாலும் ஓட்டோ கியர்தான், என்னுடைய காரும் அதுதான். ரிவர்ஸில் போட்டால், அந்த மெல்லிய "டொக்" கேட்கும்வரை என் கால் பிரேக்கை விடாது.

"ஏன் அம்மா நிக்கிறீங்க? பின்னுக்கு ஒருத்தரும் இல்லயே" என்கிறான் மகன்.

"ஓம், ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிவிட்டு எடுக்கிறேன்.