துண்டு உட்கார்ந்து வந்த சீட்டு

பஸ்ஸில் ஏறியதும் மனிதர்களுக்கு என்ன ஆகிவிடுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கீழே நிற்கும்போது தங்கமானவர்களாக இருப்பார்கள். தெரிந்தவர் எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிப்பார்கள். படியில் கால் வைத்த மறுநிமிடம் கண்டக்டர் என்பவன் அவர்கள் வீட்டு மாடு மேய்க்கிறவனைவிடத் தாழ்ந்துபோவான். மாடு மேய்க்கிறவனையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னை "டேய் டிக்கெட்டு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடிய பஸ் ஒன்றில் நான் கண்டக்டராக இருந்தேன். மீசை முளைத்த மகனுக்கு அரை டிக்கெட் போதும் என்று சாதித்தவர்கள் உண்டு. இறங்கவேண்டிய ஊரில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, ஏன் எழுப்பவில்லை என்று என் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. வெற்றிலை எச்சிலை ஜன்னலுக்கு வெளியே துப்புவதாக நினைத்து என் மேல் துப்பிவிட்டு, "நீ ஏன் அங்க நிக்கற?" என்று என்னையே கேட்டவர் ஒருவரும் உண்டு. அவர்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டேன். ஒருவரை மட்டும் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. செத்துப்போனவரை மன்னித்தே ஆகவேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

அவர் பெரிய பண்ணைக்காரர். நாமக்கல்லை விட்டு வெளியே வந்தால் சேலம் ரோட்டின் மேலேயே அவருடைய வீடு. சனிக்கிழமைதோறும் சேலத்துக்குப் போவார். அதற்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டார். காலையில் அவருடைய ஆள் ஒருவன் ஸ்டாண்டுக்கு வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டில் ஒரு ஜரிகைத் துண்டை விரித்துவிட்டுப் போவான். அதன் பிறகு அந்த இடத்தில் ஈ கூட உட்காரக்கூடாது. உள்ளே மூட்டைக்கும் முழங்காலுக்கும் நடுவே ஜனங்கள் நசுங்கிக்கொண்டு நிற்பார்கள். முன்னால் துண்டு மட்டும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு வரும். நாங்கள் அவர் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிக்கவேண்டும். அவர் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, எப்போது மனசு வருகிறதோ அப்போது வருவார். வந்து ஏறியதும் துண்டை உதறிப் பார்த்து, "எவன்டா இதும் மேல கை வெச்சவன்?" என்பார். அதுதான் எங்களுக்கு அவர் சொல்லும் காலை வணக்கம்.

முதலாளியிடம் ஒருமுறை முறையிட்டேன். "அவரு மனசு கோணாம நடந்துக்கப்பா. நாலு ஆபீசருக அவரு ஊட்டுல வந்து சாப்பிடறாங்க. அவரு ஒரு வார்த்தை சொன்னா நம்ம வண்டிக்குக் கரி கெடைக்காது" என்றார்.

கரி என்றது அடுப்புக்கரியைத்தான். யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஒரு டிரம்மைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அந்தக் கேஸில் வண்டியை ஓட்டினோம். ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் பாதகமில்லை. எங்காவது நின்றுவிட்டால் நெருப்பு மந்தமாகிக் கேஸ் செத்துப்போகும். அப்புறம் நான் பின்னால் போய் நெருப்பை ஊதும் காற்றாடியைக் கை வலிக்கச் சுற்றி அதற்கு உயிர் கொடுக்கவேண்டும். கொடுத்தாலும் மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். ஜனங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் டிக்கெட் வாங்குவதும் வண்டியைத் தள்ளுவதும் பிரயாணத்தில் சேர்ந்தவைதான். முன் சீட்டுக்காரர் மட்டும் இறங்கியதே கிடையாது.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை காலையில், ஸ்டாண்டில் ஓர் அம்மாள் ஏறினாள். ஐம்பது வயது இருக்கும். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். வெற்றிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டியின் பின்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாமக்கல் வந்திருந்தாள். உள்ளே இடமில்லை. முன் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் குந்திக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே துண்டு உட்கார்ந்திருந்தது.

"சாமி, உச்சிக்குள்ள சேலம் போயிருவமுங்களா?" என்று கேட்டாள்.

"போயிரலாமுங்க. அதுக்கு நொம்ப முன்னாலயே போயிரும். என்ன அவசரம்?"

"என்ற பையன் ஜெயிலுல இருக்கறானுங்க. தந்திக் கம்பிய அறுத்த கூட்டத்துல நின்னான்னு புடிச்சிட்டுப் போனாங்க. அறுத்தானோ என்னமோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு வேற சீமைக்குக் கொண்டுட்டுப் போறாங்களாமா. இன்னைக்கு உச்சிக்கு மேல போனா உள்ள உடமாட்டாங்கன்னு ஊருக்காரரு ஒருத்தரு வந்து சொன்னாருங்க. ஒருக்கா மொகத்தப் பாத்துட்டன்னாப் போதும்."

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

பண்ணைக்காரர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். வீட்டு நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. உள்ளே வெக்கையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஜனங்கள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கும். என்னிடம் காலணாச் சில்லறைக்குக் கச்சை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வாசலில் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மாள் சூரியன் எங்கே இருக்கிறது என்று குனிந்து குனிந்து வெளியே பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி உள்ளே போனேன்.

அவர் கொல்லையில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, வண்டி வந்திருச்சுங்க" என்றேன்.

"காது கேக்குது. எண்ண ஊற வேண்டாமா?"

"வண்டியில ஒரு அம்மா இருக்கறாங்க. மகன் ஜெயிலுல இருக்கறானாம். உச்சிக்குள்ள போகாட்டிப் பாக்க முடியாதுங்களாம்."

அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எவளோ ஜெயிலுக்குப் போறான்னு நான் தல முழுகாம வரோணுமா? நிக்கச் சொல்லுடா. நாயம் பேச வந்துட்டான். பஸ்ஸு என்ன உங்கொப்பன் ஊட்டு வண்டியா?"

அது என் அப்பன் வீட்டு வண்டி இல்லைதான். அவர் அப்பன் வீட்டு வண்டியும் இல்லையே! அதை அப்போதே சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

எண்ணெய் ஊறி, சீயக்காய் தேய்த்து, வெந்நீர் விட்டு, தலை காய்ந்து, பலகாரமும் ஆகி அவர் வந்து ஏறும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. வழக்கம்போலத் துண்டை உதறினார். கீழே குந்தியிருந்த அம்மாளைப் பார்த்து, "அக்கட்டப் போய் உக்காரு. கால் நீட்ட வேண்டாமா?" என்றார். அவள் இன்னும் சுருங்கி மூட்டைகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டாள்.

அத்தனை நேரம் நின்றதில் கேஸ் செத்துப்போயிருந்தது. நான் காற்றாடியைச் சுற்றிச் சுற்ற, எப்படியோ வண்டியைக் கிளப்பினோம். இருமிக்கொண்டே ஓடிய வண்டி, ராசிபுரத்துக்கு முன்னால் வரும் மேட்டில் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். பெண்பிள்ளைகள் தள்ளவேண்டியதில்லை, ஓரமாக நின்றால் போதும். அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சூடான டிரம்முக்குப் பக்கத்திலேயே தோளைக் கொடுத்து நின்றாள். நான் தடுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தள்ளினோம். வண்டி நகர்ந்து மறுபடி பின்னுக்கு வந்தது. முன் சீட்டிலிருந்து குரல் கேட்டது: "ஒரு கெழட்டுப் பொம்பள தள்ளற அளவுகூட உங்களுக்குத் தெம்பு இல்லையாடா?"

நான் முன்னால் போனேன். "ஏனுங்க, நீங்களும் செத்த எறங்குனா வண்டி ஏறிருமுங்க" என்றேன்.

"நானா? காசு குடுத்து உக்காந்தது எறங்கித் தள்ளறதுக்கா?"

"தள்ளறவங்களும் காசு குடுத்துத்தானுங்க ஏறுனாங்க."

"எதுத்தா பேசற? நாளைக்கு இந்த வண்டியில நீ இருந்தாப் பாக்கலாம்டா, கூலிக்காரப் பயலே!"

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் இறங்கும்வரை ஒருவரும் வண்டியைத் தொடவேண்டாம் என்று கத்தினேன். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. அவரு உக்காந்துட்டே வரட்டும். நாம தள்ளிரலாம். பொழுது போயிட்டே இருக்குது சாமி."

அதற்கு மேல் எனக்கு என்ன ரோஷம் வேண்டியிருக்கிறது? அவரையும் சேர்த்துத் தள்ளினோம். அவர் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மேட்டில் நான் விழுங்கிய கோபம் இதை எழுதும்போதும் தொண்டையில் நிற்கிறது.

சேலத்துக்குள் நுழையும்போது உச்சிப்பொழுதாகப் போகிறது. பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம். ஜெயில் ஊரைக் கடந்து அஸ்தம்பட்டிப் பக்கம். அவளால் நடந்துபோய் நேரத்துக்குச் சேர முடியாது. ஸ்டாண்டு வந்தது. விசிலை வாயில் வைத்த நான் ஊதவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவர் அதிகம் பேசாத மனிதர், குடும்பஸ்தர்.

"அண்ணா, ஜெயிலுக்கு உடுங்க" என்றேன்.

எங்களுக்கு அந்த ரோட்டில் பர்மிட் கிடையாது. போலீஸ் பிடித்தால் இரண்டு பேர் பிழைப்பும் போகும். அவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். நான் உள்ளே திரும்பி விஷயத்தைச் சொன்னேன். சந்தைக்குப் போகிற இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள், "போகட்டும், போகட்டும்" என்றார்கள்.

"எங்கடா போற? நிறுத்துடா! ஒருத்திக்காகப் பஸ்ஸா?" என்று முன் சீட்டுக்காரர் எழுந்து நின்று கத்தினார்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், அந்த வாசலில் எத்தனையோ சனிக்கிழமை வாயைத் திறக்காமல் காத்திருந்தவர், நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தருக்காக நின்ன பஸ்ஸுதானுங்களே!"

ஜெயில் வாசலில் வண்டி நின்றதும் அந்த அம்மாள் இறங்கி ஓடினாள். நானும் கூட ஓடினேன். வார்டர் கதவைச் சாத்தப்போனவர், அவள் கும்பிட்டு விழுந்ததையும் வாசலில் ஒரு முழு பஸ் நிற்பதையும் பார்த்துத் திகைத்து, என்ன நினைத்தாரோ, அவளை உள்ளே விட்டார். அதற்குள் பண்ணைக்காரர் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என் பெற்றோர் வரைக்கும் இழுத்துத் திட்டினார்.

"யாருய்யா அங்கே சத்தம் போடறது?" என்று உள்ளேயிருந்து காக்கிச் சட்டை அதிகாரி ஒருவர் வெளியே வந்தார்.

பண்ணைக்காரரின் கை என் சட்டையை விட்டது. தோளிலிருந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று. முதுகு வளைந்தது. "ஒண்ணுமில்லீங்க சாமி. சும்மா பேசிட்டிருந்தமுங்க. மன்னிச்சுக்கோணும்" என்றார்.

அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? பாவம், வளர்ந்த விதம், அவருக்குப் பேசத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது! பணிவும், மன்னிப்பும், குரலைத் தாழ்த்துவதும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் செலவழிக்க மனமில்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் திட்டியதைவிட இதுதான் எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

சாயங்காலம் திரும்புகிற வண்டியில் அந்த அம்மாள் வந்து ஏறினாள். முன் சீட்டில் உட்காரவைத்தேன். மாட்டேன் என்றவளை டிரைவரே அதட்டி உட்காரவைத்தார்.

"பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தனுங்க சாமி. எளச்சுப் போயிட்டான். அழுதுட்டே நின்னான். எப்படி வந்தேன்னு கேட்டான். பஸ்ஸு என்னக் கொண்டாந்து ஜெயிலு வாசல்லயே உட்டுதுன்னேன். 'பொய் சொல்லாத ஆத்தா'ன்னு சிரிச்சுப்போட்டான். நெசந்தான்டான்னு சொல்லச் சொல்லச் சிரிக்கறானுங்க."

நாமக்கல்லில் முதலாளி ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். பண்ணைக்காரர் சேலத்திலிருந்து டாக்ஸி பிடித்துத் திரும்பி வந்து நேராக அவரிடம் போயிருந்தார். டிரைவர் மேல் ஒரு வார்த்தை வரவிடாமல் எல்லாம் என் வேலை என்று சொன்னேன்.

"இப்பவே அவரு ஊட்டுக்குப் போ. தெரியாமச் செஞ்சுட்டேன், தப்புன்னு கால்ல உளுந்து ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர்தான். என்னை வெளியே தள்ள அவருக்கும் மனசில்லை.

எனக்கும் வேலை வேண்டியிருந்தது. வீட்டில் என் ஒருவன் சம்பளம்தான். போனேன். அந்த வாசல்வரைக்கும் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன். கதவைத் தட்டக் கையை எடுத்தபோது, எங்கேயோ சேலம் ஜெயிலில், அம்மா பொய் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத அந்தப் பையன் ஞாபகம் வந்தான். அவள் சொன்னது நிஜம். அதைத் தப்பு என்று நான் என் வாயால் சொல்லவேண்டுமாம். கதவைத் தட்டாமல் திரும்பி வந்து, பையையும் விசிலையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன்.